சாமுவேலின் எடைக்குப் பிடியரிசி

பட்டுக்கடைக்குப் போனவர்களுக்கு, புடவையை விரித்துக் காட்டுகிறவர்களைத் தெரியும். வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டுக்கொண்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசி, ஒவ்வொன்றாக உதறிப் போடுவார்கள். கல்யாண வீட்டார் ஐம்பது புடவையைப் புரட்டிவிட்டு மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் நாற்பத்தேழை மடித்து அடுக்குவது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் அந்த வேலையைப் பதினோரு வருஷமாகச் செய்துவருகிறவள் சுகாசினி. சரிகை சரிகையோடு உரசாமல், முந்தானை மேலே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். குனிந்தபடியே மடித்து மடித்து அவள் இடுப்பு போய் நாலு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் கார்த்திகையில் முகூர்த்தம் நிறைய. கடையில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து அவள் மேற்பார்வையாளர் வரதராஜனிடம் போய் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு வேண்டும் என்று நின்றாள்.

"இன்னா சுகாசினிமா, உங்க கோயில்ல எல்லாமே ஞாயித்துக்கெழமைதானே? அது இன்னா வியாழக்கெழமை?" என்றார் வரதராஜன்.

"எங்க ஸ்தோத்திரப் பண்டிகை வியாழந்தான் சார். வேண்டுதல் ஒண்ணு இருக்குது. அத்த முடிக்கணும்."

"சரி, வெள்ளிக்கெழமை?"

"வூட்டுக்காரர ஒரு எடத்துல சேக்கணும் சார்" என்றாள். வரதராஜன் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுடைய வீட்டு நிலவரம் கடையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவள் பிறந்தது மாகறலில். அப்பன் அடுத்தவர் நிலத்தில் கூலி. வீட்டில் கும்பிட்டது எல்லையம்மனை. இருபத்தோரு வயதில் செவிலிமேட்டு சாமுவேலைக் கட்டிக்கொண்டு வந்து, அவர்கள் வேதத்தில் சேர்ந்தாள். சாமுவேல் பஸ் ஸ்டாண்டுக்கும் செவிலிமேட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் வாட்டசாட்டம். உட்கார்ந்தால் ஒரு மூச்சில் எட்டு பரோட்டா. "உன் புருஷன் ஏறினா ஆட்டோ ஒரு பக்கமா சாயுது" என்று தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

புகுந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட முதல் வழக்கம் பிடியரிசி. தினமும் உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சாமிக்கென்று வைத்திருக்கும் பானையில் போட்டுவிட வேண்டும். மாசம் ஒரு தரம் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இது பல சபைகளில் உள்ள வழக்கம்தான். இந்தச் சபையில் மட்டும் ஒரு கண்டிப்பு அதிகம்: எடுத்த பிடிக்கு ஈடாக இன்னொரு பிடி அள்ளி உலையில் போடக் கூடாது. மூன்று ஆழாக்கு அளந்தால் மூன்று ஆழாக்குதான். சாமிக்குப் போனது போக மிச்சம்தான் சோறு. அந்தக் குறை யாராவது ஒருவர் தட்டில் விழ வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சமைக்கிறவள்தானே கடைசியில் உட்காருகிறாள்.

இந்தக் கண்டிப்புக்கும் வியாழக்கிழமைப் பண்டிகைக்கும் ஒரே கதை. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு துரை இந்தச் சபையை உண்டாக்கினாராம். அவர் ஊரில் நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை தேசம் முழுக்கக் கூடி நன்றி சொல்லும் நாள். விளைச்சல் வீட்டுக்கு வந்தபின் வருகிற நாள். அதே நாளை இங்கேயும் வைத்துவிட்டார் மனுஷன். இங்கே நவம்பர் என்றால் என்ன? அடைமழை. சம்பாப் பயிர் வயலில் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். கூலி வேலை கிடையாது, அடுப்பும் பாதி நாள் எரியாது. முதற்பலனைக் கொண்டுவாருங்கள் என்று துரை சொன்னால், சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத ஜனம் எதைக் கொண்டுபோகும்? பெண்கள் கூடிப் பேசி, தின்கிற சோற்றிலிருந்தே ஆளுக்கொரு பிடி எடுத்துவைத்துக் கொண்டுபோனார்கள். துரை போய்ச் சேர்ந்தார். பிடியும் வியாழனும் நிலைத்துவிட்டன.

வருஷா வருஷம் ஜான்சன் பாஸ்டர் இதைப் பிரசங்கத்தில் சொல்லுவார். துரைகளுடைய முன்னோர் சாமி கும்பிடுகிற முறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிப் போனது, போன முதல் குளிரிலேயே பாதிப் பேர் செத்தது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் மக்காச்சோளம் போடச் சொல்லிக் கொடுத்தது, அறுவடை ஆனதும் எல்லோரும் கூடி உண்டது எல்லாம் வரும். "அவங்க வழக்கத்துல கஷ்டம் வந்தா உபவாச நாள், கஷ்டம் தீந்தா ஸ்தோத்திர நாள். வயித்தக் காயப்போடாதவன் நன்றி சொல்ல வந்து நின்னா அந்தக் காலத்துல சிரிச்சிருப்பாங்க. ரொம்பப் பிற்பாடு, அவங்க நாட்டுக்குள்ளயே பெரிய சண்டை நடந்துக்கினு இருக்கும்போது, ஜனாதிபதி அத்த தேசத்துக்கே ஒரு நாளா ஆக்கிட்டாரு" என்பார். கோயில் வேலை பார்க்கும் தாவீது பின்வரிசையிலிருந்து வருஷா வருஷம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நெலம் யாருதுங்க ஐயா? அந்தப் பூர்வகுடிங்களுது தானே? அவங்க யாருக்கு நன்றி சொன்னாங்க?" பாஸ்டர் உடனே பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன், இதே மழைக்காலத்தில், சாமுவேல் ஆட்டோவிலேயே சரிந்து விழுந்தான். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன; பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. மருந்துக்கு அளவு பார்க்க அவன் எடையை எடுத்தார்கள். சீட்டில் எழுபத்து நாலு என்று எழுதியிருந்ததைச் சுகாசினி பார்த்தாள். வராந்தாவில் உட்கார்ந்து, "ஆண்டவரே, இந்தாளு பொழைச்சி எழுந்தா, இதே எழுவத்து நாலு கிலோ, எடைக்கு எடை பிடியரிசி போடறேன்" என்று நேர்ந்துகொண்டாள். பண்டிகையன்று குழந்தைகளைத் தராசில் உட்கார வைத்து வெல்லமோ வாழைப்பழமோ எடைக்கு எடை கொடுப்பது அந்தச் சபையில் உண்டு. வளர்ந்த ஆம்பிளைக்கு, அதுவும் பிடியரிசியாக, யாரும் நேர்ந்ததில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு யோசிக்கவா தோன்றும்?

சாமுவேல் பிழைத்தான். எழுந்திருக்கத்தான் இல்லை.

அன்றிலிருந்து தினம் இரண்டு பிடி. ஒன்று வழக்கமான பிடி, இன்னொன்று வேண்டுதல் பிடி. வேண்டுதல் பிடி தகர டிரம்மில் விழுந்தது. வண்டு விழாமலிருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு, மாசம் ஒருமுறை மொட்டைமாடியில் காயவைத்து, திரும்பக் கொட்டினாள். மகள் திரிஷாவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். "ரேஷன்ல அரிசி சும்மாதானேமா தராங்க? கூட ரெண்டு பிடி போட்டு ஆக்கித் தின்னேன். சாமி வந்து எட்டிப் பாக்கப் போறாரா?" என்பாள்.

"கூடப் போட்டா அது பிடியரிசி இல்லடி. வெறும் அரிசி" என்பாள் சுகாசினி. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

காலை நாலரைக்கு எழுந்திருப்பாள். சாமுவேலைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் சாய்க்க வேண்டும். ஒரே உலைதான் வைப்பாள், மூன்று வேளைக்கும். காலையில் அவனுக்குப் போட்டு, மத்தியானத்துக்கு ஒரு தட்டில் பிசைந்து மூடி பக்கத்தில் வைத்துவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடிப்பாள். வலது கை நன்றாக இருந்ததால் அவனாகவே எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வான். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் தட்டில் இடது பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும், கோடு கிழித்துப் பிரித்த மாதிரி.

ஆஸ்பத்திரி நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள்: இந்த மாதிரி நோயாளிகள் சில பேருக்குக் கண் நன்றாக இருந்தாலும் ஒரு பக்கம் மனசில் ஏறாது, தட்டில் பாதியை இல்லையென்றே நினைத்துவிடுவார்கள், தட்டைத் திருப்பி வையுங்கள் என்று. சுகாசினி திருப்பி வைப்பாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "போதும்" என்பான். ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்வான். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "நாய் மாதிரி ஒழைச்சி வந்து ஊட்டறேன், வாயத் தொறக்க மாட்டேன்னு அழும்பு பண்றியே, உனக்கு நல்லா இருக்குதா?" என்று ஒருநாள் தட்டைத் தரையில் ஓங்கி வைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வராது. அந்த மிச்சத்தை வழித்து அவளே சாப்பிட்டு முடிப்பாள்.

மூன்று வருஷம் இப்படி. சொல்வதற்குச் சுலபம். அவளுக்கு அலுத்துவிட்டது. கோபம் கூட வராத அலுப்பு. யாராவது "கடவுள் உன் புருஷனைக் காப்பாத்திக் குடுத்தாரு பாத்தியா" என்றால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். உள்ளுக்குள் ஒரு துளி நன்றி கூட இல்லை என்பது அவளுக்கே தெரியும். அதை நினைத்து முதலில் பயந்தாள். பிறகு பயப்படவும் தெம்பில்லாமல் போயிற்று.

திரிஷாதான் அந்த ஹோமைக் கண்டுபிடித்தாள். செங்கல்பட்டுப் பக்கம், படுக்கையில் கிடப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். "நீ விழுந்துட்டா ரெண்டு பேரயும் நான் பாக்கணும்மா. யோசிச்சிப் பாரு" என்றாள் திரிஷா. சுகாசினி ஒரு வாரம் யோசித்தாள். வேண்டுதலை வியாழனன்று தீர்த்துவிட்டால், சாமி கொடுத்ததற்கும் தான் கொடுப்பதற்கும் சரியாகப் போயிற்று. அப்புறம் அனுப்பினால் குற்றமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தாள். சாமுவேலிடமும் சொன்னாள். அவன் "சரி" என்றான். ஒரு சொல் எதிர்த்துப் பேசியிருந்தால் கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. திரிஷா முந்தின நாளே வந்துவிட்டாள். "எங்க கிளையன்ட் எல்லாம் அமெரிக்காமா. அங்க இன்னிக்கி தேங்க்ஸ்கிவிங். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வேலையில்ல, லீவு குடுத்துட்டாங்க" என்றாள். அந்த நாட்டு லீவும் இந்தச் சபையின் பண்டிகையும் ஒரே நாள்தான் என்பதில் அவளுக்கு ஒரு வேடிக்கை. சுகாசினிக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை. டிரம்மில் இருந்ததை இரண்டு சாக்கில் கட்டி, வழியில் ரேஷன் கடைத் தராசில் போட்டுப் பார்த்தாள். எழுபத்து மூன்றரை. அன்று காலை எடுத்த பிடியையும், கோயிலில் கொட்டக் கையோடு கொண்டுவந்த சாமிப் பானையில் இருந்ததில் கொஞ்சத்தையும் சேர்த்தபோது எழுபத்து நாலு ஆயிற்று. அவளுக்கு மூச்சு வந்தது.

கோயில் வாசலில் வேப்பமரத்துக் கிளையில் தாவீது பெரிய தராசைத் தொங்கவிட்டிருந்தார். விறகுக் கடையிலிருந்து வருஷா வருஷம் வாங்கி வருகிற தராசு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆள் உட்காரலாம். ஆராதனை முடிந்து குழந்தைகளின் எடை ஆனதும், பாஸ்டர் சாமுவேலின் பெயரைச் சொன்னார். தாவீதும் இன்னொருவரும் அவனைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி ஒரு தட்டில் சாய்த்து உட்காரவைத்தார்கள். எதிர்த்தட்டில் முதல் சாக்கை வைத்தார்கள். இரண்டாவது சாக்கு பாதிகூட இறங்கவில்லை, தராசு திரும்பிவிட்டது. சாக்கைப் பூராவும் வைத்ததும் அரிசித் தட்டு தரையில் முட்டி நின்றது. சாமுவேல் மேலே போனான். கால்கள் தொங்க, சங்கிலியை வலது கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் தலைக்கு மேல் இருந்தான். பிள்ளைகள் கைதட்டின.

பெரியவர்கள் யாரும் தட்டவில்லை.

"ஐம்பதுக்கு மேல தேற மாட்டாரு" என்று தாவீது மெதுவாகச் சொன்னார். பாஸ்டர், "மீதிய எடுத்துடலாம் சுகாசினிமா. சரியா எவ்ளோவோ அவ்ளோ போதும்" என்றார்.

சுகாசினி தட்டில் இருந்தவனை அண்ணாந்து பார்த்தாள். தினமும் தூக்குகிற ஆள்தானே? தூக்கத் தூக்கப் பாரம் தெரியாமல் போனதை, தனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள். பழகவில்லை. ஆளே மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கிறான். பின்னால் பெண்கள் பேசுவது காதில் விழுந்தது. "ஆம்பள எப்படி இருந்தான்? பாரு, இப்போ." "இவளுக்கு ஒண்ணும் கொறையலியே." "வேளைக்கிச் சோறு போட்டாத்தானே?"

அவள் திரும்பினாள். "அவரு துன்ன மாட்டேங்கிறாரு. ஒரு நாளு கூட நான் போடாம இருந்ததில்ல. போதும் போதும்னு தள்ளுறாரு. வாயப் பொளந்து ஊத்தவா சொல்றீங்க?" என்றாள். பிறகு தாவீதிடம், "எடுக்காதீங்கண்ணா. நான் அன்னிக்கி இருந்த ஆளுக்குத்தான் நேந்துக்கினேன். எழுவத்து நாலு. அப்படியே இருக்கட்டும்" என்றாள். அரிசி அப்படியே கோயிலுக்குள் போயிற்று. சாமுவேலை இறக்கினார்கள்.

வேண்டுதல் முடித்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சபை முன்னால் சொல்வது. சுகாசினி ஒரு வாரமாக மனசில் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன். மூணு வருஷமா தெனம் ஒரு பிடி எடுத்தேன். பாதி நாளு வேண்டா வெறுப்பாத்தான் எடுத்தேன், அத்த மறைக்கக் கூடாது. எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குதுங்க. அவ்ளோதான். ஸ்தோத்திரம்" என்று சொல்லி மைக்கை வைத்தாள். பாஸ்டர் அவசரமாக ஆமென் என்றார். ஒருசிலர் பின்பாட்டாகச் சொன்னார்கள்.

பந்தி போட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நீள மேஜை, வாழை இலை, ஆட்டுக்கறிக் குழம்பு. சாமுவேலின் சக்கர நாற்காலியை ஓரத்தில் நிறுத்தி, சுகாசினி பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தாள்; திரிஷா விடவில்லை. தாவீது அன்னக்கூடையோடு வந்து இரண்டு இலையிலும் மலைபோலக் குவித்தார். "இன்னிக்கி யாரும் கொறச்சி வாங்கக் கூடாது" என்றார்.

சாமுவேல் கை வைக்கவில்லை. அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னுயா" என்றாள் எரிச்சலோடு. அவன் அசையவில்லை. அவள் இரண்டு வாய் எடுத்துப் போட்டதும், அவனும் குழம்பை இழுத்துவிட்டுப் பிசைந்தான். சாப்பிட ஆரம்பித்தான். வலது பக்கம் தீர்ந்தது. அவள் வழக்கப்படி இலையைத் திருப்பக் கையை நீட்டினாள். அதற்குள் அவன் கை தானாக இடது பக்கம் போய், அங்கிருந்த சோற்றை வழித்துக்கொண்டு வந்தது. இலை காலி. "வை" என்றான் தாவீதைப் பார்த்து. தாவீது வைத்தார். அதுவும் போயிற்று. எலும்பை உறிஞ்சினான். எதிர்வரிசைப் பெண்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்; பிறகு சுகாசினியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வூட்டுல ஊட்டுனா தள்ளிட்டு, இங்க வந்து என் மானத்த வாங்குறியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அப்புறம்தான் அவன் இலையைச் சரியாகப் பார்த்தாள். இடது ஓரத்தில் ஒரு பருக்கை இல்லை. உப்பைக் கூட விட்டுவைக்கவில்லை.

"உனக்கு இந்தப் பக்கம் தெரியுதா?"

அவன் தலையாட்டினான்.

"எப்போலேந்து?"

சாமுவேலுக்கு ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவர நேரமாகும். "எப்பவும்" என்றான்.

"அப்போ வூட்டுல ஏன்யா மிச்சம் வைக்கிற?"

அவன் பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நீ... ரெண்டு பிடி... எடுக்கிற. காலையில. நான்... படுத்துக்கினு... பாக்கறேன். உனக்கு... ஒண்ணும்... இல்ல."

குறைந்துபோன இருபத்து நாலு கிலோ எங்கே போயிற்று என்று இப்போது சுகாசினிக்குத் தெரிந்தது. அவள்தான் சாப்பிட்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம், திட்டிக்கொண்டே, வழித்து வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். முதலில் வந்தது கோபம்தான். அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம், உலையில் ஒரு பிடி கூடப் போட்டிருக்கவும் மாட்டோம் என்பது உடனே தெரிந்தது. கோபம் போன இடத்தில் அழுகை வந்தது. எதிர்வரிசை பார்க்கிறதே என்று கூட இல்லாமல் அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும், "நாளைக்கி வண்டி வருது" என்றாள்.

"தெரியும்."

"வேணாம்னு சொல்லிடட்டா?"

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "போறேன். அங்க... சோறு... அவங்க போடுவாங்க. நீ... உன் சோத்த... தின்னு."

சுகாசினி எழுந்து போய்க் கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள். கொட்டகைக்கு வெளியே நின்றிருந்த திரிஷாவிடம் போனை வாங்கி, அந்த ஹோமுக்குத் தானே பேசினாள். வண்டி அனுப்பவேண்டாம், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "அவரு சாப்பிட ஆரம்பிச்சிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரிஷா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாமா நீ? நேத்து வரைக்கும் முடியல முடியலன்னே. நாளைக்கி காத்தால யாரு தூக்குவா?"

"நான்தான். எனக்கு முடியலதான். இன்னா பண்றது?" சுகாசினி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே தாவீது மூன்றாம் முறையாகச் சாமுவேலின் இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். "இனிமே கனம் ஏறிக்கினேதான் போவாரு. நாளைக்கு ஒரு நாள் இருந்து, நீயும் ஒரு கை புடி" என்றாள்.